ஒரு நூல் மரம்

காலை ஏழு இருபது. குழித்துறையில் தச்சர் பட்டறையின் ஷட்டர் பாதிதான் உயர்ந்திருந்தது. குனிந்து பார்த்ததும் முதலில் தெரிந்தது, மேசையில் குப்புறக் கிடந்த அக்காவின் கிட்டார். அதன் கழுத்தின் பின்புறம் முழுக்க வார்னிஷ் போய், தோல் உரித்த மரச்சீனிக் கிழங்கைப் போல வெளுத்திருந்தது. கீழே மரச்சுருள்கள். ஒரு கழுத்திலிருந்து இவ்வளவு வருமா? ஷட்டரின் அடியில் புகுந்து உள்ளே போனேன்.

அக்கா பள்ளி ஆசிரியை. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் கிட்டார் வாசிப்பவள். அத்தான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கிட்டார் அது. கழுத்து பருமனானது, அவள் கையோ சிறியது. ஒரு விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தும் இடம் வந்தால் இடது பெருவிரலின் அடியில் வலி பிடித்துவிடும். வலி கூடினால் வாசிப்பதை விட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிறகு ஒரு கடையில் மெலிந்த கழுத்துள்ள கிட்டாரை ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டாள்.

"தச்சருட்ட குடுத்து கொஞ்சம் செதுக்கிட்டு வா, மக்கா. சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்கு நான் வாசிக்கணும்" என்றாள்.

'கொஞ்சம்' என்ற சொல்லைப் பத்திரிகைச் செய்திகளில் அடித்துவிட்டு அளவு கேட்பது என் தொழில். முந்தின நாள் பட்டறையிலும் அதையே செய்தேன். கொஞ்சம் என்பதற்குப் பதிலாக, "ஒரு நூல் எடுத்தா போதும்" என்றேன். தைக்கிற நூலின் கனத்தைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

"அண்ணே, என்ன இது? இவ்வளவு எடுத்துட்டீங்களே!" என்றேன், மேசையில் கிடந்த கழுத்தைக் காட்டி.

தச்சர் ஸ்கேலை நீட்டினார். "ஒரு நூலுன்னா ஒரு நூலு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீரே அளந்து பாரும். இஞ்சுக்கு எட்டு நூலு."

ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நான் நினைத்ததைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம்.

"நான் தையல் நூலையாக்கும் நினைச்சேன்."

"அதுக்கு நீரு டெய்லருட்டல்லா போயிருக்கணும்!" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

வீட்டில் அளவு தவறிய கதையைக் கேட்ட அக்கா கிட்டாரை வாங்கிக் கழுத்தைச் சுற்றி விரல்களை மடக்கினாள். பெருவிரல் மறுபுறம் எட்டிப் பார்த்தது. "ஏலே, கொள்ளாமே, நல்லா இருக்கே! இது தப்பா செஞ்சதுன்னு யாரு சொன்னது?"

எனக்கு மூச்சு வந்தது. முதல் பாட்டு சுத்தமாக முடிந்தது. இரண்டாவதின் பாதியில் அவள் கை நின்றது. பெருவிரல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு கொக்கிபோல் நின்றது. வலது கையால் பிரித்துவிட வேண்டியிருந்தது. அவள் முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம். முன்பு இப்படி இழுத்துக்கொண்டதே இல்லை.

அரைமணி நேரம் விட்டு மறுபடி வாசித்தாள். அதே இடத்தில் அதே இழுப்பு. அப்போதுதான் கவனித்தேன். பருமனாக இருந்தபோது கழுத்து அவள் உள்ளங்கையில் சாய்ந்து கிடந்தது, பாரத்தைக் கை முழுவதும் தாங்கியது. இப்போது நடுவில் வெற்றிடம். பெருவிரலும் மற்ற விரல்களும் மட்டும் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. கடையில் வாசித்த ஐந்து நிமிடத்தில் தெரியாதது இது.

தச்சருக்கு போன் செய்து, எடுத்த மரத்தை மறுபடி வைக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"சீவுன மரம் அடுப்புக்குப் போயாச்சு. மேல வேற மரம் ஒட்டினா கைக்கு உறுத்தும், கேட்டீரா" என்றார்.

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "போட்டும், போனை வெச்சிரு" என்றாள்.

பண்டிகை ஆராதனையில் அவள் கிட்டார் இல்லாமல், தாழ்குரல் பெண்கள் நிற்கும் ஆல்டோ வரிசையில் நின்று பாடினாள்.