குறையாத ஸ்டாண்டர்ட் பாட்டில்

“மறுபடியும் பெயில் அக்கா” என்று நான் சொன்னதும் செல்லம்மா அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த தண்ணீர்ப் பரிசோதனை லேப்பில் நான் கெமிஸ்ட். செல்லம்மா அக்கா பாடாங் மேஹா பக்கம் ஒரு சின்ன ரப்பர் பால் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். பால் கெட்டுப் போகாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள். கழிவுநீரை ஓடையில் விடுவதற்கு முன், அதில் அம்மோனியா ஓர் அளவுக்குள் இருந்தாக வேண்டும். வாராவாரம் சாம்பிள் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் ஏறி, எங்களிடம் கொண்டு வருவது அவர்தான்.

“இந்த வாட்டியும் பெயிலாச்சுன்னா கவர்மெண்ட்ல ஃபேக்டரிய நிப்பாட்டிடுவாங்கன்னு எங்க ஆபீஸ் கிராணி சொல்லிட்டாரு மிஸ். வேலை போச்சுன்னா கம்பெனி குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணணும். பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போறது?”

“மிஷின் காட்டுறதத்தான் அக்கா நான் எழுத முடியும்.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே எரிச்சலாக இருந்தது. ஃபேக்டரிக்காரர்கள் புதுக் குளம் வெட்டினார்கள், தண்ணீருக்குள் காற்றடிக்கும் மோட்டார் போட்டார்கள். ஆனாலும் ரிசல்ட் வாராவாரம் ஏறிக்கொண்டே போனது. ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு இப்படி நடந்தால் யாருக்குத்தான் கடுப்பு வராது?

சாவி யாரிடம்?

புதிதாக லேப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு விஷயம். ஸ்டாண்டர்ட் என்பது இவ்வளவு அம்மோனியா இருக்கிறது என்று முன்பே தெரிந்த தண்ணீர், அவ்வளவுதான். அதை முதலில் மிஷினில் வைத்து, “இதுதான் பத்து” என்று மிஷினுக்குச் சொல்லிவிடுகிறோம். பிறகு சாம்பிளை அதோடு ஒப்பிடுகிறோம். கடைக்காரரின் எடைக்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் இளைத்துப் போனால், வைக்கிற சாமான் எல்லாம் எடை கூடுதலாகத்தான் காட்டும்.

எங்கள் மேனேஜர் அருளப்பன் சார் கெமிஸ்ட் இல்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷன்தான், ஆனால் உயிரை வாங்குவார். வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் பாட்டிலைத் தன் ரூமில் இருந்த சின்ன ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் நான் பீக்கரைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர் உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்து தருவார். பாட்டிலை என் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்.

“சார், வேற கம்பெனி ஸ்டாண்டர்ட் ஒண்ணு வாங்குங்க. ரெண்டையும் ஒத்துப் பாக்கணும்” என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

“ஒண்ணு கைவசம் இருக்கறப்போ எதுக்கும்மா இன்னொண்ணு? இது சீமைச் சரக்குலா.”

“இது தீர்ந்து போகும்ல சார்.”

“தீராது. நான் பாத்துக்கறேன்.”

சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பும் தீர்த்தமும்

அன்று செல்லம்மா அக்கா போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. அலமாரியில் இருந்த அம்மோனியம் குளோரைடு உப்பை உலர்த்தி, நிறுத்து, கரைத்து, ஸ்டாண்டர்டின் அதே அளவுக்கு நானே ஒரு கரைசல் செய்தேன். மிஷினில் வைத்தால் பத்து காட்ட வேண்டும். அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டியது. ஃபிளாஸ்க்கை மாற்றி மறுபடி செய்தேன். அதே கதைதான்.

நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். “சார், அந்தப் பாட்டில இப்பவே காட்டுங்க.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தார். பாட்டில் கழுத்து வரை நிரம்பி இருந்தது.

“இத்தன மாசமா தினம் எடுக்கிறோம். எப்படி சார் குறையாம இருக்கு?”

அவருக்கு ஒரே பெருமை. “சர்ச்சுல மந்திரிச்சு வாங்கிட்டு வர்ற தீர்த்தத்துக்கு வீட்ல என்னம்மா பண்றோம்? பாதிக்குக் கீழ இறங்கறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி ஊத்தி வச்சா மொத்தமும் தீர்த்தம்தானே? இதையும் அப்படித்தான் பாத்துக்கிட்டு வரேன். பைப்புத் தண்ணி இல்லம்மா, டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊத்தறேன்.”

நானும் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தீர்த்தக் கிண்ணத்தில் அம்மாவும் இப்படித்தான் ஊற்றுவார். அதனால் அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“சார், தீர்த்தத்துல விசுவாசம் இருக்கு. இதுல இருக்கறது அம்மோனியா. தண்ணி ஊத்தினா குறைஞ்சிடும்.”

அவர் முகம் மெல்ல மாறியது. “அப்போ செல்லம்மாவோட ஃபேக்டரி?”

“பாஸ் சார். ரொம்ப நாளாவே பாஸாத்தான் இருந்திருக்கும். உடனே எழுதிக் கொடுங்க, நானே பஸ் ஏறிக் கொண்டு போறேன்.”

பாட்டிலை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தார். பிறகு ஒன்று சொன்னார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

“உன் உப்ப மட்டும் நம்பி நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? இன்னொரு ஸ்டாண்டர்ட் வரட்டும். ஒத்துப் பாத்துட்டுப் போடறேன்.”

இன்னொன்று எதற்கு என்று இத்தனை நாள் மறுத்த அதே வாய். இதில் கொடுமை என்னவென்றால், லேப் முறைப்படி அவர் சொன்னதுதான் சரி. ஃபேக்டரி கிராணிக்குப் போன் போட்டு, “எங்க ரிசல்ட்ல சந்தேகம் இருக்கு, கொஞ்சம் பொறுங்க” என்றேன். “அத எழுத்துல குடும்மா, கவர்மெண்ட் ஆபீசர்கிட்ட காட்டறேன்” என்றார். அதற்கும் அருளப்பன் சாரின் கையெழுத்து வேண்டும். கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். மனுஷன் அசையவில்லை.

புது ஸ்டாண்டர்ட் பினாங்கு வழியாக வந்து சேருவதற்குள் ஃபேக்டரியை நிறுத்திவிட்டார்கள். வந்த அன்றே ஒத்துப் பார்த்தேன். என் உப்புக் கரைசல் சரியாகவே இருந்தது. சார் அப்போதே கையெழுத்துப் போட்டார், ஃபிரிட்ஜ் சாவியையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கத்திக் கத்திச் சொல்வது இதுதான். ஸ்டாண்டர்டைத் திறந்தால் தேதி எழுது. அதில் எதையும் திரும்ப ஊற்றாதே. வேறு இடத்தில் செய்த இன்னொன்றை முன்கூட்டியே வாங்கி வை. தேவைப்படும் நாளில் ஆர்டர் போட்டால் அது வருவதற்குள் யாராவது அழிந்து போவார்கள். மேனேஜர் முனகினால் முனகட்டும்.

எங்கள் பழைய ரிசல்ட் தப்பு என்ற கடிதம் போனதும் ஃபேக்டரி மறுபடி திறந்தது. செல்லம்மா அக்காவுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் காலி செய்த லயத்து வீட்டில் அதற்குள் வேறு குடும்பம் வந்துவிட்டது. பிள்ளைகளோடு மெர்போக்கில் தங்கச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த சாம்பிளை அவர்தான் கொண்டு வந்தார். டெஸ்ட் முடிகிற வரை காத்திருந்தார். நான் வெளியே ஓடிவந்து, “பாஸ் அக்கா” என்றேன்.

“அப்பவும் பாஸ்தானே மிஸ்” என்று சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.