இனாமாக வந்த கேம் ஷாஃப்ட்

அக்கா வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மனசு ஆறாது. அக்காவையும் இழுக்கச் சொல்வார். அவள் இழுத்துக் காட்டினால், “நீ சரியா இழுக்கல” என்பார். தெருவில் அவருக்கு டிடெக்டிவ் என்று பட்டப்பெயர்.

பகலில் பட்டறையில் லேத் ஓட்டுவார். மிச்ச உயிர் முழுக்க வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் காரில்தான். பழைய காரை வாங்கிப் பந்தயத்துக்கென்று தானே இழைத்து இழைத்துச் செய்தது. மலைப்பாதைப் பந்தயத்தில் வருஷா வருஷம் தன் சித்தப்பா மகனிடம் தோற்றுக்கொண்டிருந்தார். எல்லாரும் சின்னவர் என்று கூப்பிடும் அந்தத் தம்பியின் காரும் அதே ரகம்தான். அவரே ஒரு நாள் வந்து, தன் இன்ஜினிலிருந்து கழற்றிய பந்தய கேம் ஷாஃப்ட் இரண்டையும் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

“வச்சுக்கண்ணே. நூத்தியெட்டு டிகிரில நிறுத்து. பறக்கும்.”

“சும்மாவா குடுக்கிறே?”

“சும்மாதான்.”

அந்த ஒரு சொல்லில் மாமாவுக்குத் தூக்கம் போயிற்று.

வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று ஆட்டிவைக்கிற தண்டுதான் கேம் ஷாஃப்ட். கணக்குத் தப்பினால் திறந்த வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். ஒரே மோதல், இன்ஜினைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்.

எங்கள் பரம்பரையில் பெருவிரலை மையில் அழுத்தாத முதல் ஆள் நான். இயந்திரப் பொறியியல் பட்டதாரி. விடுமுறைக்குப் போயிருந்த என்னை மாமா நேரே கொட்டகைக்கு இழுத்துப்போனார்.

“மாப்ளே, நீ படிச்சவன். அவன் என் இன்ஜின உடைக்கத்தான் இதக் குடுத்திருக்கான். எப்படின்னு மட்டும் கண்டுபுடி.”

தண்டுகளைப் பொருத்தினோம். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் முனையில் டிகிரி போட்ட வட்டத் தட்டை மாட்டி, ஒரு கம்பியை வளைத்துப் பக்கத்துப் போல்ட்டில் முள்ளாகக் கட்டினோம். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து நூற்றெட்டில் வால்வு முழுசாகத் திறக்கும்படி வைத்து முறுக்கினோம். “நீ போ, பூட்டிட்டு வர்றேன்” என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி சுற்றிப் பார்த்தால் நூற்றுப் பதின்மூன்று.

“பாத்தியா! பூட்டின கொட்டகைக்குள்ள தானா நகருது!”

அக்காவைக் கூப்பிட்டு விசாரணை நடந்தது. “உள்ள வந்தியா?”

“ஆமா, உங்க இன்ஜினுக்குத் தாளிச்சுக் கொட்ட வந்தேன்.”

திரும்ப நூற்றெட்டில் வைத்தோம். டீ குடித்துவிட்டு வந்தால் நூற்று நான்கு. மாமா என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

“இங்க வர்றப்ப சின்னவன்கிட்ட என்ன பேசினே?”

“வழியில பாத்தேன் மாமா. நல்லாயிருக்கியான்னு கேட்டாரு.”

“ஏன் கேட்டான்?”

கூட இருந்தால் சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும் போல. அவர் தலை மறைந்ததும் நானும் தண்டை விரலால் தடவி, சின்னவர் எங்காவது அரத்தால் ராவியிருக்கிறாரா என்று தேடினேன். அப்புறம்தான் படித்த படிப்பு கைகொடுத்தது. நழுவுகிற தண்டு ஒரே பக்கமாகத்தான் நழுவும். இது கூடுகிறது, குறைகிறது. மாறுவது தண்டு இல்லை, நாங்கள் அளக்கிற அளவு.

“மாமா, வெளிய போறப்ப எதையாச்சும் கழட்டுறீங்களா?”

“முள்ள மட்டும்.” சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “எவனாவது வளைச்சு வச்சிட்டா?”

“திரும்ப மாட்டறப்போ?”

“கண்ணளவுல பழைய இடத்துலதான் மாட்டுறேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பூஜ்யத்தையே பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கீங்க மாமா.”

பூஜ்யத்தை மறுபடி பிடித்தோம். முள்ளை யாரும் தொடவில்லை. எத்தனை முறை சுற்றினாலும் நூற்றெட்டு; பிஸ்டன் வால்வில் எங்கும் தட்டவில்லை. ஆனாலும் சாவியைத் திருக அவருக்குக் கை வரவில்லை. போன் போட்டுச் சின்னவரை வரவழைத்தார்.

“நீயே ஸ்டார்ட் பண்ணு.”

உடைந்தால் அவன் கையாலேயே உடையட்டும் என்ற கணக்கு எனக்குப் புரிந்தது. சின்னவருக்கும் புரிந்திருக்கும். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் இரண்டு தரம் இருமியது, பிறகு தகரமெல்லாம் அதிர உறுமிக்கொண்டே இருந்தது. சின்னவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

“இப்பவாச்சும் சொல்லு. எதுக்குடா குடுத்தே?”

“ஒரு கண்ணுல ஓரம் தெரியலண்ணே. இனிமே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வண்டிய விக்கப்போறேன். வாங்கறவனுக்கு இதோட அருமை தெரியாது.”

மாமா அவர் முகத்தையே பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

“எந்த டாக்டர்?”

“கடைத்தெருவுல...”

“அவன் சரியாப் பாத்திருக்க மாட்டான். இறங்கு, வேற டாக்டர்கிட்ட போவோம். நான் பக்கத்துலயே நின்னு பாக்கறேன்.”