எட்டுத் தசம் ஏழு

குச்சவெளிக் கடலில் அப்பாவின் படகு எஞ்சின் நின்றுபோய், உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கியது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, தான் இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்களைப் போனில் சித்தப்பாவுக்குச் சொன்னார். சித்தப்பா அவற்றை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அதன்பிறகு அப்பாவின் போன் வேலை செய்யவில்லை.

அந்தக் கையில் கிழக்கு எண் 81.314 என்று முழுதாக இருந்தது. வடக்கு எண் வெறும் 8.7.

நான் அப்போது உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். பொருளுடைய இலக்கங்கள் பாடம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. 8.7 என்று மட்டும் எழுதினால் அது 8.65 ஆகவும் இருக்கலாம், 8.749 ஆகவும் இருக்கலாம். இடையில் பதினொரு கிலோமீட்டர் கடல். 8.700 என்றால் நூறு மீட்டர் சொச்சம்தான்.

“சித்தப்பா, ஏழுக்குப் பிறகு அப்பா சைபர் சொன்னவரா?”

“சொன்ன மாதிரியும் கிடக்கு. கடைசிச் சைபருக்கு என்ன பெறுமதி, பிள்ளை? அதை ஏன் எழுதுவான்?”

பெறுமதி இல்லையாம்! அந்தக் கையைப் பிடித்து உலுக்கினேன். “நல்லா யோசியுங்கோ. சொன்னவரா, இல்லையா?”

“ஒரே காத்துச் சத்தம். சத்தியம் பண்ண ஏலாது” என்று சொல்லி அழத் தொடங்கினார்.

அதனால் தேடப் போன படகுகள் பதினொரு கிலோமீட்டருக்கும் பிரிந்து போயின. கரையில் நின்று நான் கடவுளிடம் சைபர் கேட்டு மன்றாடினேன்.

பொழுது சாயும் நேரம் ஒரு படகு அப்பாவை ஏற்றிவந்தது. இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். உதடுகள் வெடித்திருந்தன. சித்தப்பாவைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான்.

“ரெண்டு சைபரும் சொன்னனான்தானே?”