ஐம்பத்தொன்று என்று சொன்ன கை

எங்கள் ஆய்வகத்தில் பட்டம் வாங்காத ஒரே ஆள் அவர்தான். அவருக்குத்தான் நாங்கள் ‘டிகிரி’ என்று பெயர் வைத்திருந்தோம். டிப்ளமோ முடித்தவர். இருபத்திரண்டு வருடம் மடிக்கணினிகளின் சூட்டை அளப்பதே அவர் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அடியில் வலது உள்ளங்கையைக் கொடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “நாப்பத்தி மூணு... இல்ல, நாலு” என்பார். பிறகு கருவி காட்டுவதும் அதுவாகவே இருக்கும். வேறாக இருந்தால் நாங்கள் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவோம்.

அந்தக் கையை அவர் கண்ணாடிச் சாமான் போலப் பார்த்துக்கொண்டார். சூடான டம்ளரை இடது கையால்தான் பிடிப்பார். பாத்திரம் தேய்த்தால் தோல் தடித்துவிடும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். அவர் மனைவி ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்தபோது எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார்: “இந்தக் கை உங்க கம்பெனிக்கு அவ்வளவு முக்கியமா மேடம்? இல்ல, எங்க வீட்டுச் சட்டிகளைப் பாத்து மட்டும்தான் பயப்படுதா?” நாங்கள் சிரித்தோம். டிகிரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நான் அங்கே பொறியாளராகச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். பதவியில் நான் மேலே. மற்றவர்கள் முன்னால் என்னை ‘மேடம்’ என்பார். தனியாக இருக்கும்போது ‘தங்கச்சி’. நான் எப்போதும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்ட வாயை நினைத்தால் இப்போது கூசுகிறது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதியிலும் எழுதப்படாதது. புது மாதிரி இயந்திரம் ஒன்று வந்தால் முதலில் அவர் கைக்குத்தான் போகும். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, அடிமூடி முழுவதும் உள்ளங்கையை நகர்த்தி, மிகச் சூடான இடத்தைக் கண்டுபிடிப்பார். அங்கே ஊசியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறி, பக்கத்தில் கை சொன்ன எண்ணையும் கீறிவிடுவார். அந்த இடத்தில்தான் சென்சாரை ஒட்டுவோம். சோதனைத் தாளில் ‘இடம் தேர்ந்தெடுத்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. நான் பார்த்த தாள்கள் அத்தனையிலும் அந்தக் கட்டத்தில் அவர் கையெழுத்துதான்.

ஆறு வருடங்களுக்கு முன் வந்தது அந்த மெல்லிய இயந்திரம். மூடினால் சுண்டு விரல் அளவுகூடக் கனம் இல்லை. அதற்குள்ளே பெரிய இயந்திரத்தின் செயலியை வைத்திருந்தோம். நாற்பத்தைந்து வாட் குடிக்கும். அந்த வெப்பத்தை வெளியே தள்ள உள்ளே காற்றுக்கு இடமில்லை. விசிறிகள் இரண்டும் பிஸ்கட் அளவு. டிகிரி அதைக் கையில் வாங்கியதும் எடை பார்ப்பவர் போல ஏற்றி இறக்கினார்.

“மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்வாங்க. இதுல கனமே இல்ல தங்கச்சி. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அரை மணி நேரம் கழித்து அவர் பின்விளிம்புக்குப் பக்கத்தில், இடப்புறமாக, குறியைக் கீறினார். பக்கத்தில் 51 என்று கீறினார். எங்கள் வரம்பு நாற்பத்தெட்டு.

செய்யக்கூடியவை மூன்றே மூன்று. இயந்திரத்தை ஒரு மில்லிமீட்டர் தடிமனாக்கலாம். விசிறியை இரைய விடலாம். அல்லது மின்சக்தியைக் குறைக்கலாம். முதல் இரண்டையும் மேலாளர் காதில் வாங்கவே இல்லை. மூன்றாவதை டிகிரியே சோதித்துப் பார்த்திருந்தார். நாற்பத்தைந்து வாட்டில் எங்கள் சோதனை வீடியோவைத் தொகுத்து முடிக்க ஒன்பது நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. முப்பத்தைந்தில் பத்து நிமிடம் முப்பது.

“கடைசிப் பத்து வாட்டு எதுக்கு மேடம் உழைக்குது? நாப்பது செகண்டுக்கு. மீதி எல்லாம் சூடாத்தான் போகுது. நாப்பது செகண்டுல யாரு என்ன சம்பாதிக்கப் போறாங்க?”

மேலாளர் என்னைத் தனியே அழைத்தார். “போட்டி மெஷின் பத்து நிமிஷத்துக்குள்ள முடிக்குது. நாம பத்தரைன்னு போட்டா யாரும்மா வாங்குவா? ஒரு வழி பாருங்க.”

நான் ஒரு வழி பார்த்தேன். நாற்காலியில் கால்களை அகட்டி உட்கார்ந்து அந்த இயந்திரத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். பின்விளிம்பு முழங்காலுக்கு அருகே, இரண்டு கால்களுக்கும் நடுவே அந்தரத்தில் இருந்தது. தொடை படுவது முன்பக்கம், பேட்டரி இருக்கும் இடத்தில். ஆக, தொடை படும் இடத்தில்தானே அளக்க வேண்டும்? இதை எனக்கு நானே சொல்லிச் சொல்லி, மாலைக்குள் நம்பியும் விட்டேன். எல்லோருக்கும் என் நீளக் கால்கள் இருக்காது, காலைச் சேர்த்து வைத்தும் சப்பணமிட்டும் உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் புது அடிமூடி ஒன்றைக் கொடுத்து, சென்சார் இடத்தைக் குறித்த வரைபடத்தையும் நீட்டினேன். அதுவரை வரைபடம் அவர் குறிக்குப் பிறகுதான் வரும். அன்று முதன்முதலாக முன்னால் வந்தது.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். “கை வேற இடத்தைச் சொல்லுதே தங்கச்சி.”

“தொடை படுற இடம் இதுதான் அண்ணே. வரைபடத்துல இருக்கிற மாதிரியே ஒட்டிடுங்க.”

“பழைய மூடி?”

“கழிச்சுப் போட்டுடுங்க.”

“நல்ல அலுமினியம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். எதுக்காவது ஆகும்.” கழிவை எடுத்துப்போக எங்களுக்கு அனுமதி உண்டு. தலையாட்டினேன்.

கருவி நாற்பத்தாறு புள்ளி எட்டு காட்டியது. தேர்ச்சி. தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். ‘இடம் தேர்ந்தெடுத்தவர்’ என்ற கட்டத்தின் மேல் அவர் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு வழக்கம் போலக் கையெழுத்திட்டார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுத வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் பேனாவை வாங்கவில்லை.

இயந்திரம் நன்றாக விற்றது. ஏழு மாதம் கழித்து முதல் புகைப்படம் வந்தது. படத்தொகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, தேர்வுக்காக வாரக்கணக்கில் இயந்திரத்தை மடியில் வைத்து வேலை செய்திருக்கிறாள். தொடையில் வலை விரித்தாற்போலப் பழுப்புத் தழும்பு. இடது தொடை, முழங்காலுக்குச் சற்று மேலே. அதன்பின் இன்னும் ஆறு பேர். எல்லோருக்கும் அதே பக்கம்.

கூட்டம் சிறிய அறையில் நடந்தது. மேலாளர், நான், டிகிரி. மேசை மேல் அந்தச் சோதனைத் தாள். ஏழு புகைப்படங்களும் அதன் பக்கத்தில் இருந்தன.

“இந்த இடத்துல சென்சாரே இல்ல. இவ்வளவு சூடான இடம் எப்படித் தப்பிச்சுது?” ‘ஒரு வழி பாருங்க’ என்றதை மறந்தவர் போல மேலாளர் கட்டத்தைத் தட்டினார். “யாரு இடம் பார்த்தது?”

டிகிரி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. அடுத்துப் பேச வேண்டியவரைப் பார்ப்பது போல, அவ்வளவுதான். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி அது. வாயைத் திறந்தால் இரண்டு சொல்: நான்தான் சார். அது வரவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. குளிர்சாதனம் ஒருமுறை நின்று மறுபடி ஓடத் தொடங்கிய நேரம்.

“கையெழுத்து என்னுதுதான் சார்” என்றார் டிகிரி. “இந்தத் தடவை கை ஏமாத்திடுச்சு.”

வெளியே வந்ததும் படிக்கட்டில் அவரை நிறுத்தினேன். “ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“நீங்க சொல்வீங்கன்னுதான் இருந்தேன்” என்றார். “ரொம்ப நேரம் ஆயிடுச்சு தங்கச்சி. யாராவது ஏதாவது சொல்லணுமில்ல.”

அப்போதுகூடத் திரும்பி மேலே போயிருக்கலாம். பதினெட்டுப் படி.

அவரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் இடத்தில் வெப்பக் கேமரா ஒன்று வந்தது. விற்ற இயந்திரங்களுக்கெல்லாம் ஒரு சிறிய மென்பொருள் மாற்றம் அனுப்பி முப்பத்தைந்து வாட்டாகக் குறைத்தோம். வேகம் குறைந்துவிட்டது என்று ஒருவரும் புகார் செய்யவில்லை. அந்த மாற்றத்தைத் திறம்படக் கையாண்டதற்காக எனக்குப் பதவி உயர்வு வந்தது. அடுத்த இயந்திரத்தை முப்பதே வாட்டில் வடிவமைத்தேன். அது குளிர்ச்சியானது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவர் சொன்னதையே என் யோசனையாகச் சொல்லியிருந்தேன்.

கிடங்கு கிழக்குப் படிக்கட்டின் அடியில் இருந்தது. ஐந்து வருடம் நான் மேற்குப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். எனக்கு ஏதாவது தேவையென்றால் ஆள் அனுப்புவேன். பொட்டலத்தின் மேல் அவர் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு வரும்: ‘மேடம் கேட்ட டேப். பழசு ஒட்டாது, புதுசு வெச்சிருக்கேன்.’

போன மாதம் ஒரு காலையில் கிடங்கின் நாற்காலியிலேயே அவர் இதயம் நின்றது. திருகாணி டப்பாக்கள் முன்னால் திறந்தபடி இருந்தனவாம். எனக்குத் தகவல் வந்தபோது மேற்குப் படிக்கட்டில் நின்றிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் அலமாரியில் இருந்த சாமான்களை வீட்டில் சேர்க்க யாராவது வேண்டும் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். ஒரு சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, ஒரு கம்பளிச் சட்டை. அவ்வளவுதான் இருந்தது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவர் மனைவி துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துத் துணிகள், கிடங்குச் சம்பளம் குறைவு என்பதால் சில வருடமாகச் செய்கிறாராம். அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“வாங்க மேடம். அவர் வீட்ல உங்களைத் தங்கச்சின்னுதான் சொல்வாரு” என்று நாற்காலி மேலிருந்த துணிகளை எடுத்தார். கம்பளிச் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும். அந்தக் கை நிஜமாவே மழுங்கிப் போச்சா?” என்றார்.

“ஏன் அண்ணி?”

“அந்த வேலை போனதுக்கு அப்புறம் அவர் எதையும் தொட்டுப் பாக்கவே இல்ல. பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்போ கையைக் கொண்டு போனாரு. நான்தான், ‘வேணாம், தெர்மாமீட்டர் இருக்கு. நீங்க தொட்டுப் பாத்துத் தொலைச்சதெல்லாம் போதும்’னு சொல்லிட்டேன். கோபத்துல சொன்னது. கையை எடுத்துட்டாரு. அப்புறம் பாத்திரமெல்லாம் அவரேதான் தேய்ச்சாரு.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன். அது ஒரு சாம்பல் நிறத் தகட்டின் மேல் நின்றிருந்தது. காற்றுத் துளைகள், ரப்பர் கால்கள் இருந்த நான்கு வட்டங்கள். பெட்டியைத் தூக்கினேன். இடப்புறம், பின்விளிம்புக்கு அருகில், பெருக்கல் குறி. பக்கத்தில் 51.

“அதுவா, ஏதோ கீறல். கொண்டு வரும்போதே இருந்துச்சு” என்றார் அண்ணி.

அங்கே சொன்னேன். வரைபடத்தில் தொடங்கி, கட்டம், கையெழுத்து, தண்ணீர் பாட்டில் மூடி, படிக்கட்டு வரை. “அண்ணன் கை தப்பே சொல்லல அண்ணி. தழும்பு வந்த இடம் இதுதான். அவர் அன்னைக்கே இங்க கீறி வெச்சிட்டாரு.” சொல்லி முடித்தால் இலேசாகும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும், நான் என் சுமையை இறக்கவில்லை, அவர் தலையில் மாற்றி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

“என்கிட்டக்கூடச் சொல்லலையே” என்றார். “அஞ்சு வருஷம் இதைப் பாத்துக்கிட்டே நான் பேசினதெல்லாம் கேட்டிருக்காரு.”

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். சட்டைக் கை ஒன்றை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். என்னைத் திட்டவில்லை. அதன்பின் ‘மேடம்’ என்றும் கூப்பிடவில்லை.

“எழுதிக் குடுங்க” என்றார் கடைசியில். “பொண்ணு வெளியூர்ல படிக்கிறா. அவளும் அப்பாவைக் கேலி பண்ணியிருக்கா. நான் சொன்னா, போனவருக்குப் பரிஞ்சு பேசறேன்னு நினைப்பா. நீங்க எழுதிக் குடுங்க. எல்லாத்தையும். கையெழுத்துப் போட்டு.”

தகட்டை ஆய்வகத்தில் காட்ட எடுத்துப்போகலாமா என்று கேட்டேன்.

“அது இருக்கட்டும். பெட்டி வைக்க வேற இடமில்ல. படம் எடுத்துக்கோங்க.”

படம் எடுத்தேன். அவர் பெட்டியைத் திரும்ப அதன் மேல் வைத்தார். இந்த முறை குறி தெரியும்படி ஓரமாக.

இதுதான் அந்த எழுத்து. ஒரு பிரதி அவர் மகளுக்கு. இன்னொன்று நாளை காலை மேலாளர் மேசைக்கு, பழைய சோதனைத் தாளின் நகலோடும் அந்தப் படத்தோடும் போகும். வேலை இருக்குமா என்று தெரியாது. இருக்க வேண்டும் என்று கேட்கிற தகுதியும் எனக்கில்லை. நகலில் அவர் கையெழுத்தை அடிக்க மனம் வரவில்லை. அது ஒழுங்கான, வட்டமான கையெழுத்து. அதன் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ‘இவர் அல்ல, நான்’ என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.