களஞ்சியத்தின் பின்பக்கத்து ஓட்டை

வெறுங்கட்டடத்துக்குக் காவல் இருக்கிற மாதிரிச் சலிப்பான வேலை வேற கிடையாது. என்னை மாதிரியே பூட்டையும் சாவியையும் வச்சு வயித்தைக் கழுவுற காவக்காரவுக உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. எங்க ஊருப் பழைய நெல் களஞ்சியத்துக்கு நான்தான் காவல்.

பீரங்கி ஓட்டை

கட்டுனது பாண்டிய ராசாங்கிறாக சிலபேரு. இல்லை, அவுகளுக்குப் பெறகு வந்தவுகங்கிறாக சிலபேரு. கோயில் நிலத்து நெல்லையும் கம்பையும் மேக்கூரைத் தொறப்பு வழியா உள்ள கொட்டி வச்சு, பஞ்சத்துல எடுத்துக் குடுத்திருக்காக. எல்லாம் காதுல விழுந்ததுதான், நான் படிச்சதில்லை.

பின்சுவர்ல கை நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை. சுத்திப் பாக்க வந்த மதுரைக்காரர் ஒருத்தர், பீரங்கி வைக்கிறதுக்கான்னு கேட்டாரு. இல்லைய்யா, பசிச்சவுக வெளிய துணியை ஏந்துவாக, உள்ள நிக்கவன் ஆளுக்கு ஒரு படி சரிச்சு விடுவான், வாங்குறவுக முகத்தைப் பாக்கவும் கூடாது, பேரைக் கேக்கவும் கூடாதுன்னேன். இன்னைக்கும் பட்டாசு ஆலைக மூடிக் கெடந்தா ஊரு வியாபாரிக தருமத்துக்குன்னு ஒதுக்குற மகமைப் பணத்துல அரிசி இறக்குவாக, நான்தான் உள்ள நின்னு ஊத்துதேன்னும் சொன்னேன். ஓட்டையையே ரொம்ப நேரம் பாத்துட்டுக் கேட்டாரு:

"அப்ப ஒரே ஆளு ரெண்டு தடவை வந்து வாங்கினா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ஈரம் ஏறாத சுவரு

தீபாவளி சீசன்ல ஒரு கம்பெனிக்காரர் வந்தாரு. கல்லுச் சுவரு, ஈரம் ஏறாது, பட்டாசு லோடு கொஞ்சம் இறக்கிக்கிடுதோம்னாரு. நான் வாயைத் தொறக்குமுன்ன, அங்க கூட்டிப் பெருக்குற வேலைக்கு வர்ற முத்துமாரி வெளக்குமாத்தோட நிமிந்தா. தலையில எப்பவும் போல பச்சைத் துண்டு. அவ வீட்டுக்காரனுக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில பட்டாசுக்குள்ள வெடிமருந்து செலுத்துற வேலை.

"ஆலை வெடிச்சா எங்களுக்குக் கஞ்சிக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் வெடிக்க வைக்கணுமாக்கும்?"

பச்சைத் துண்டு

அந்த ஆலை வெடிச்சது. முத்துமாரி வீட்டுக்காரன் திரும்பலை. சோதனைன்னு சுத்துப்பட்டு ஆலை அம்புட்டையும் பூட்டிட்டாக. அவளும் கூட்ட வரலை. வீட்டுல சின்னதா ரெண்டு பிள்ளைக. நான் அரிசிப் பையோட போனேன். சாவுக்குத் துட்டி கேக்க வந்தா கேட்டுட்டுப் போங்க, பையெல்லாம் எதுக்குன்னு வாசல்லயே நிறுத்திட்டா. பிள்ளைக பையையே பாத்துக்கிட்டு நின்னுச்சுக.

மகமை அரிசி வந்து எறங்குச்சு. நான் உள்ள நின்னு ஊத்திக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு துணியா வருது, போகுது. அப்புறம் ஓட்டைக்கு நேரா வந்தது அந்தப் பச்சைத் துண்டு. ஒரு படி சரிச்சேன். துண்டு நகரப் போச்சு. ரெண்டாவது படியை அள்ளி அவசரமாச் சரிச்சேன். துண்டு அப்படியே நின்னுச்சு. கையால அள்ளி அள்ளி அந்த அரிசியை ஓட்டைக்குள்ளயே திருப்பித் தள்ளுனா.

"ஆளுக்கு ஒரு படிதான், அண்ணாச்சி. எனக்குப் பெறத்தால வரிசையில ஆளுக நிக்காக."

முகம் தெரியக் கூடாதுன்னு அம்புட்டுக் கனத்துல சுவரு வச்ச ராசா, குரலுக்கும் சேத்து ஒண்ணு வைக்க மறந்துட்டான்.