படுத்துப் பார்த்து எழுதியவள்

படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் போனால் பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஆனால் பன்னிரண்டு மணி நேரமும் வேலை இருக்காது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மருந்து கொடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வந்தால் அதிகம். மீதி நேரம் நாற்காலிதான். மும்பை தாராவியிலிருந்து குர்லாவில் வண்டி மாறி செம்பூருக்கு டே டூட்டி போய்வந்த இசக்கிசெல்வியின் மீதி நேரத்தையெல்லாம் போன் தின்றது.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. சேலை விற்பவர்கள், மருமகளைத் திட்டும் மாமியார்கள், கேக் வெட்டும் நாய்கள் என்று எதையும் அவள் விட்டதில்லை. சாயங்காலம் கண் எரியும். என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் நினைவுக்கு வராது.

ஒரு நாள் ஒரு தமிழ்ப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் கேட்டிருந்தாள்: அம்மா எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள், இடுப்பில் சிவந்திருக்கிறது, என்ன செய்ய? கீழே நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அழுத்தித் தேய்த்துவிடச் சொல்லியிருந்தார்கள். பதினான்கு வருஷமாக இந்த வேலை பார்க்கிற இசக்கிசெல்விக்குப் பொறுக்கவில்லை. தேய்த்தால் தோல் கிழியும், அந்தப் பக்கமே படுக்க வைக்காதே, ஈரம் படாமல் பார்த்துக்கொள், டாக்டரிடம் காட்டு என்று அடித்து அனுப்பினாள். அந்தப் பெண் திரும்பக் கேட்டாள். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கேட்டார்கள். ஒரே பதிலைப் பத்துத் தரம் அடிப்பானேன் என்று பக்கத்து வீட்டு ஜெனி ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு நாய் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் பதினெட்டுப் பதிவுகள். டூட்டி முடிந்து ரயிலேறும்போது கண் எரியத்தான் செய்தது, ஆனால் அன்றைக்கு என்ன செய்தாள் என்பது நினைவிருந்தது.

வந்த வினை அவள் வேலைப் பழக்கத்தால் வந்தது. டூட்டி முடியும்போது அடுத்து வருகிறவளுக்காக நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், ரத்த அழுத்தம் எவ்வளவு, மலம் போனாரா, எந்தப் பக்கம் படுத்திருக்கிறார். ஒன்றை விட்டாலும் வேலைக்கு அனுப்பிவைத்த நர்ஸ் பியூரோவில் பேச்சு வாங்க வேண்டும். மலச்சிக்கல் பற்றி எழுதும்போது அவள் கை அப்படியே ஓடிவிட்டது. பெயர் போடவில்லை, 'ஒரு பெரியவர்' என்றுதான் எழுதினாள். ஆனால் ஆறாவது மாடி, எட்டரைக்கு ஒன்றரை இட்லி, புதன்கிழமை பிசியோதெரபி, நான்கு நாளாக வெளியே போகவில்லை, ஐந்தாம் நாள் வலி தாங்காமல் அழுதார் என்று ஒன்றையும் விடவில்லை.

அந்தப் பெரியவர் சங்கரன், எண்பத்தொரு வயது, பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தவர். பதிவு கைமாறிக் கைமாறி முலுண்டில் இருக்கும் அவர் மகள் பத்மஜாவிடம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மருமகள் ஷ்யாமளா கதவைத் திறந்தவுடனே ஆரம்பித்தாள்.

"அப்பா அழுதது பத்மஜாவுக்கே தெரியாது, செல்வி. அவளோட லேடீஸ் குரூப்புக்குத் தெரிஞ்சிருக்கு."

இசக்கிசெல்வி வாசலில் நின்றபடியே போனை எடுத்துப் பதிவை அழித்தாள். ஷ்யாமளாவுக்கு அது போதவில்லை.

"எழுதறதுன்னா எழுதிக்கோ, இங்கே வராதே. வரதுன்னா எழுதாதே. நாளைக்குச் சொல்லு."

உள்ளே சங்கரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். தப்பு தன்மேல்தான் என்று அவரிடம் அவள் சொன்னாள். அவருக்கு நாக்கு மெதுவாகத்தான் புரளும்.

"பேரை மறைச்சே. வயத்தை மறைக்கலையே."

அவ்வளவு விவரமும் எழுதவேண்டுமானால் உன்னைப் பற்றி எழுதிக்கொள்ளேன், ஒரு நாள் இப்படிப் படுத்துப் பாரேன் என்று கோபமாகச் சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டூட்டியை விட்டால் பியூரோ வேறு வீடு காட்டும். ஆனால் அந்த வீட்டிலும் ஒருவர் படுத்திருப்பார், அவர் வயிறும் அவருடையதுதான். எழுதுவதை விட்டால் மறுபடியும் நாய்தான். ரயிலில் வரும்போது இரண்டையும் யோசித்தாள். எதுவும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் மல்லாந்து படுத்தாள். இடது கையையும் காலையும் அசைக்க மாட்டேன், என்னைப் புரட்டுங்கள் என்று புருஷனிடம் சொன்னாள். கணேசபாண்டியன் குர்லாவில் டெம்போ ஓட்டுகிறவர். மூட்டை ஏற்றுகிற கை. அவள் இடுப்புக்குக் கீழே போர்வையை மடித்துப் போட்டு, அவள் சொன்னபடி இழுத்துப் புரட்டினார்.

"காது மடங்கிட்டு. எடுத்து விடுங்க."

"ஏட்டி, பேஷண்டு இம்புட்டு வாய் பேசுமா?"

அவள் வாயை மூடிக்கொண்டு கால் மணி நேரம் கிடந்தாள். காது நெருப்பாக எரிந்தது. அடியில் மாட்டிய தோள் மரத்துப்போனது. முழங்காலோடு முழங்கால் இடித்தது. முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க அவளுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பதினான்கு வருஷத்தில் எத்தனை காதை மடக்கிப் படுக்க வைத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எழுந்து உட்கார்ந்து, தானே படுக்கையில் கிடப்பதாக வைத்து ஒரு பக்கம் எழுதினாள். எனக்கு இங்கே வலித்தது, என்னை இப்படிப் பிடித்திருந்தால் வலித்திருக்காது.

காலையில் ஷ்யாமளாவிடம் போனைக் கொடுத்தாள். மாட்டுங்காவில் வளர்ந்த ஷ்யாமளாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, அதற்குப் பிறகும் படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல படுத்திண்டிருக்கிறது யாரு?"

"நாந்தான் மாமி. இனிமே எல்லாத்துலயும் நாந்தான் படுத்திருப்பேன். போடுறதுக்கு முந்தி உங்ககிட்ட காட்டுதேன்."

ஷ்யாமளா இன்னொரு தரம் மேலிருந்து கீழே பார்த்தாள். பெயரோ மாடியோ கிழமையோ எதுவும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். சரி, வா, எழுது, ஆனால் காட்டாமல் ஒரு வரியும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, இட்லித் தட்டை அவள் கையில் வைத்தாள்.

சங்கரன் வலப் பக்கமாகப் படுத்திருந்தார். இசக்கிசெல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் தலைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். காது மடங்கித்தான் இருந்தது. மெதுவாக எடுத்து விட்டாள்.

"வலிச்சுதா மாமா?"

"ஒன்றரை வருஷமா."

"சொல்லியிருக்கலாமில்லா?"

"சொன்னா எழுதிடுவே."

"எழுதத்தான் செஞ்சேன். என் காதுன்னு போட்டுருக்கேன்" என்று சொல்லி, அவரை நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்து, இட்லியைப் பிட்டாள். அவர் வாயைத் திறந்தார்.