காதால் படித்த புத்தகங்கள்

இங்கே பேருந்தில் புத்தகம் படிப்பவர்களின் உதடு அசைவதே இல்லை. ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. ஒரு நாள் என் பக்கத்தில் இருந்த பெண் தடித்த நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டே அழுதாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள், பக்கத்தைத் திருப்பினாள், தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள். யார் செத்தார்கள், யார் யாரை விட்டுப் போனார்கள் என்று ஒன்றும் தெரியாமல் நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று முழுக்க எரிச்சலாகவே இருந்தது. இன்னொரு நாள் முன் இருக்கைக்காரி படித்துக்கொண்டே சிரித்தாள். பொறுக்க முடியாமல் என் அரைகுறை ஜெர்மனில், "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, பாலத்தில் வேலை நடக்கிறது, அதனால் பேருந்து சுற்றிப் போகிறது, பத்து நிமிடம் தாமதமாகும் என்று பொறுமையாக விளக்கினாள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கதை போயே போய்விட்டது.

நான் விருத்தாசலத்துக்காரி. கல்யாணம் ஆகும்வரை அங்கே ஒரு பீங்கான் பொம்மைக் கூடத்தில் வர்ணம் பூசினேன். நீளமான பலகையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்போம். எங்களில் ஒருத்தி அமுதா. என் வயதுக்காரி. அவள் வர்ணம் பூசிய கிருஷ்ணர்கள் எல்லாரும் மாறுகண்ணோடு இருந்ததால், முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார். நாங்கள்தான் ஒரு வழி கண்டுபிடித்தோம். அவள் பங்குப் பொம்மைகளையும் நாங்களே முடித்துவிடுவோம், பதிலுக்கு அவள் எங்களுக்குக் கதை படிக்க வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்த புத்தகங்களாக எடுத்து வருவாள். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, ஆளுக்கொரு குரலில் படிப்பாள். இன்றைக்கு எனக்குப் பிடித்த புத்தகங்கள் என்று நான் சொல்லிக்கொள்பவை எல்லாம் அந்தப் பலகையில் கேட்டவைதான். ஒன்றைக்கூட நான் கண்ணால் படித்ததில்லை. கேட்டு முடித்த கதையை எதற்காக மறுபடி படிக்க வேண்டும்?

அங்கே எந்த நாளைக்கு எந்தப் புத்தகம் என்பதை வேலை முடிவு செய்யும். சுடாத பொம்மையின் பிசிறைத் தேய்க்கும் நாளில் சிரிப்புக் கதை கூடாது. குலுங்கிச் சிரித்தால் கழுத்து ஒடிந்துவிடும், பொம்மையின் கழுத்தைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அழுகைக் கதை. பொம்மையின் சேலைக்கு வர்ணம் பூசும்போது குடும்பக் கதையும் காதல் கதையும். வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டும் நாளில் துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் கையும் சேர்ந்து ஓடும் என்பதால் முதலாளியே வந்து, "இன்னைக்கு அந்தக் கொலைக் கத தானம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். அச்சில் களிமண் கூழை ஊற்றிவிட்டு அது இறுகக் காத்திருக்கும் நேரத்துக்குப் பயணக் கட்டுரை. பொம்மைக்குக் கண் எழுதும்போது மட்டும் எதுவும் கிடையாது. மூச்சுச் சத்தம்தான்.

போன வசந்த காலத்தில் இங்கே எங்கள் ஊர் நூலகர் ஃப்ராவ் வெபர், தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு புத்தகத் தட்டு ஒதுக்கப் போவதாகச் சொன்னார். வகைக்கொரு புத்தகமாக என்னைப் பரிந்துரைக்கச் சொல்லிச் சின்ன அட்டைகள் கொடுத்தார். துப்பறியும் கதையின் அட்டையில் நான் ஜெர்மனில் 'பெட்டி கட்டுவதற்கு ஏற்றது' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு முகம் வாடி, "ஊரைக் காலி செய்கிறீர்களா?" என்று கேட்டார். எங்கிருந்தோ இரண்டு காலி அட்டைப்பெட்டிகளையும் கொண்டுவந்து கொடுத்தார். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். அவை இன்னும் எங்கள் நிலவறையில் கிடக்கின்றன.

அதே பரிந்துரைகளை இங்குள்ள தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் வாசகர் குழுவிலும் போட்டேன். வெங்காயம் நறுக்கும்போது இது, துணி மடிக்கும்போது இது என்று நான் எழுதியதை எல்லாரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். தர்சினி மட்டும் தனியாக அழைத்தாள். வவுனியாவிலிருந்து வந்தவள், என்னைவிடச் சின்னவள். அவள் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து, அது சரியாக ஆறாமல், வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார். "வராந்தாவில சும்மா இருக்கேக்க விசர் பிடிக்குது அக்கா. மனசுக்கு ஆறுதலா ஒண்டு சொல்லுங்கோ" என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சேலை வர்ண நாட்களில் கேட்ட ஒரு குடும்பக் கதை இருந்தது. சபாபதி என்ற மனிதர் பாதிக் கதை வரை ஆஸ்பத்திரியில் கிடப்பார். பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். நடந்தே வீட்டுக்கு வருவார். "தைரியமாப் படி, நல்லபடியா வந்துடுவாரு" என்று நான் உறுதி சொன்னேன். அவள் அதைக் கைப்பேசியில் மின்னூலாக வாங்கிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து அழைத்தாள். குரல் தணிந்திருந்தது.

"அக்கா, நீங்கள் அந்தப் புத்தகத்தை வாசிச்சனீங்களோ?"

"கேட்டிருக்கேன். ஏன்?"

"அவர் செத்துப் போறார். பாதியிலேயே செத்துப் போறார். நான் அந்த வராந்தாவில தனிய இருந்து வாசிச்சனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் அழைப்பை அவள் எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது. சபாபதி கஞ்சி குடித்ததை நான் கேட்டிருக்கிறேன். கையில் பச்சை வர்ணத்தோடு, பலகையில் உட்கார்ந்து, என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியதும் எனக்கு வேறு நினைப்பு இல்லை. வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேரே ஆட்டோ பிடித்துப் பழமலைநாதர் கோயில் பக்கம் போனேன். அமுதா இப்போது அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கட்டிக் கொடுத்தது கருவேப்பிலங்குறிச்சியில், தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். கதைப் புத்தகத்தைத் தொட்டே பல வருடம் ஆகிறது என்றாள். யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டே என்னோடு பேசினாள்.

"அமுதா, அந்த சபாபதி கத ஞாபகமிருக்குதா? ஆஸ்பத்திரியில கெடப்பாரே."

"இருக்குது. பாவம், செத்துடுவாரு."

"நீ பொழச்சிட்டாருன்னுதானடி படிச்ச?"

அவள் இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடி கொஞ்சம் யோசித்தாள். "படிச்சிருப்பேன். யாரு வூட்லயாவது ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும். அப்டி இருந்தா நான் சாவு படிக்க மாட்டேன்."

"எங்கப்பா அப்ப பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு."

"உங்கப்பாவா?" என்று இழுத்தாள். "ராஜேஸ்வரி வூட்டுக்காரரும் அந்த நேரந்தான் லாரில அடிபட்டுக் கெடந்தாரு. யாருக்காவ மாத்துனேன்னு இப்ப வந்து கேட்டா நான் இன்னாடி சொல்றது?"

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. எனக்காகத்தான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. ராஜேஸ்வரி எங்கள் பலகையில் எனக்கு எதிரே உட்கார்ந்தவள், நல்லவள், ஆனாலும் அந்த நிமிடம் அவள்மேல் பொறாமையாக இருந்தது. வேறு எந்தெந்தக் கதையில் கை வைத்தாய் என்று கேட்டேன். துப்பறியும் கதையில் கடைசி இரண்டு தாள் இல்லையாம், இவளாகவே ஒருத்தனைக் கொலைகாரனாகப் பிடித்தாளாம். காதல் கதையில் அந்தப் பெண் அவனை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளாம், கூடத்தில் அப்போது இரண்டு பேருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததால் கட்டி வைத்துவிட்டாளாம். பயணக் கட்டுரை மட்டும் உள்ளது உள்ளபடி. "அத போரடிக்குதுன்னு பாதிக்கு மேல படிக்கவே இல்ல" என்றாள்.

"சரி, சபாபதி பாதியில செத்துட்டாருன்னா, மிச்சக் கதையில அவரு வர மாட்டாரே. என்ன பண்ணின?"

"துபாய்க்கு வேலைக்கு அனுப்பிட்டேன். அப்பப்ப வூட்டுக்கு போன் பண்ணுவாரு. யாருக்கும் சந்தேகம் வரல" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் சொன்னதும்தான் அந்த போன் அழைப்புகள் எனக்கும் ஞாபகம் வந்தன, நானும் சிரித்தேன். ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் சிரிப்பு நின்றது. செத்துப்போனவர் இருந்த இடத்தில் வெளிநாட்டுக்குப் போனவரை வைத்தால் கதையில் ஒரு வரிகூட இடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வர மாட்டார், பந்தியில் இருக்க மாட்டார், நாலு பேர் பேசும்போது அவர் பேச்சு வரும். பலகையில் இருந்த ஒருத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்மா வீட்டில் நான் இல்லாத ஒன்பது வருடத்தை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை, ஓட்டுநரிடம் திட்டக்குடி பக்கம் மழை உண்டா என்று கேட்டேன்.

ஆக, எனக்குப் பிடித்த புத்தகங்கள் எவை? எழுதியவர்கள் எழுதியதையா நான் இத்தனை நாள் மனதில் வைத்திருந்தேன், அமுதா சொன்னதையா? பரிந்துரை என்றால், எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்றைத்தான் நான் பரிந்துரைக்க முடியும். ஃப்ராவ் வெபரிடம் அட்டைகளைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், காரணத்தை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. தமிழிலேயே எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இதைப் படிக்கும் நீங்களும் என்னை நம்பி எதையும் வாங்கிவிடாதீர்கள்.

ஜெர்மனி திரும்பியதும் தர்சினி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் கணவர் இன்னும் மருத்துவமனையில்தான். மருத்துவர்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. நான் கூடத்தைப் பற்றியும், அமுதாவைப் பற்றியும், ராஜேஸ்வரி கணவரைப் பற்றியும், துபாயைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் கைப்பேசியை எடுத்துவந்து, சபாபதி சாகும் பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

"இதிலையிருந்து வாசியுங்கோ அக்கா. நீங்கள் கேட்ட மாதிரி."

அந்தப் பக்கத்தில் அவரைப் பாடையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டதாகப் படித்தேன். தர்சினிக்கு அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் வரை நடந்து வந்துவிட்டார் என்று சொல்லி நிறுத்தினேன். அடுத்த அத்தியாயம் வந்தது. துபாய் என்று ஆரம்பித்ததும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு இடமும் அனுப்ப வேண்டாம் அக்கா. வீட்டிலேயே இருக்கட்டும்."

இப்போது ஞாயிறுதோறும் படித்துக் காட்டப் போகிறேன். அமுதா பட்டதைவிடக் கஷ்டமான பாடு. சபாபதி இல்லாத ஒவ்வொரு பக்கத்திலும் அவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. எந்த வீட்டில் உட்காரவைப்பது என்பதும் குழப்பம்தான். எனக்கு அது விருத்தாசலத்து ஜங்ஷன் ரோடு வீடு, அவளுக்கு வவுனியாவில் ஏதோ ஒரு வீடு, ஜன்னலுக்கு வெளியே இங்கத்திய பனி. போன ஞாயிறு ஒரு விருந்து வந்தது. புத்தகத்தில் ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் ஆறு இலை போட்டேன். சோறு பரிமாறிக் குழம்பு ஊற்றப் போகும் இடத்தில் தர்சினி என்னை நிறுத்தினாள்.

"அவருக்கு உப்புக் குறைச்சுப் போடச் சொல்லுங்கோ அக்கா."